போஸ்ட்கிரெஸ் டிபிஏ செய்முறைத் தேர்வு: லேப்பில் எதையெல்லாம் உடைத்துப் படிக்கலாம்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலைக்கான செய்முறைச் சுற்றில் "ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை வைத்திருக்கும் பொது மெமரி) எவ்வளவு வைப்பீர்கள்?" என்று கேட்டால், "மெமரியில் கால் பங்கு" என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். யாருக்கு வேலை தெரியும் என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியவரும். மெதுவாக ஓடும் ஒரு குவெரியின் பிளானை (டேட்டாபேஸ் அதை எந்தப் படிகளில் ஓட்டுகிறது என்ற திட்டத்தை) நீட்டி, "சிக்கல் எங்கே?" என்பார்கள். இதற்கு மனப்பாடம் கைகொடுக்காது. கோளாறை நீங்களே உண்டாக்கி, அது திரையில் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

லேப்புக்கு ஒரு சாதாரண லேப்டாப் போதும். போஸ்ட்கிரெஸுடன் வரும் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சை ஸ்கேல் 50 என்று கொடுத்து ஆரம்பித்தால் அக்கவுண்ட்ஸ் டேபிளில் 50 லட்சம் வரிசைகள் வந்துவிடும். பிளானை முடிவு செய்யும் பிளானர், பேரலல் ஸ்கேனுக்கு (பல பிராசஸ்கள் டேபிளைப் பங்கிட்டுப் படிப்பதற்கு) போகும் அளவுக்கு இது பெரியது.

முதலில் பிளான் வாசிப்பு. படிக்கும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். எய்ட் என்ற இன்டீஜர் (முழு எண்) நெடுவரிசைதான் அந்த டேபிளின் பிரைமரி கீ. அதில் 1234567 என்று தேடுங்கள்; இண்டெக்ஸ் ஸ்கேன், ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். இப்போது அதே எண்ணை 1234567.0 என்று எழுதி எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரியை ஓட்டி அதன் பிளானைக் காட்டும் கட்டளை) போடுங்கள். பேரலல் சீக்வென்ஷியல் ஸ்கேன், அதாவது டேபிள் முழுவதையும் படிப்பது, வந்து நிற்கும். காரணம் ஃபில்டர் வரியிலேயே இருக்கிறது: எய்ட் நெடுவரிசை நியூமெரிக்காக (தசம எண் டைப்பாக) மாற்றப்பட்டிருக்கும். மாற்றிய மதிப்புக்கு இண்டெக்ஸ் கிடையாது. ஜாவா ஆப் பிக்டெசிமலாக (ஜாவாவின் தசம எண் டைப்பாக) பேராமீட்டர் அனுப்பினால் நிஜத்திலும் இதுவேதான் நடக்கும். "இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் டைப்பைப் பாருங்கள்.

அதே பிளானில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரே வரிசை வர வேண்டிய இடத்தில் பிளானர் சுமார் 25,000 என்று மதிப்பிட்டிருக்கும். மாற்றிய மதிப்புக்குப் புள்ளிவிவரம் இல்லாததால் மொத்தத்தை 200 ஆல் வகுத்து ஊகிக்கிறது. அடுத்தது, "ஃபில்டரால் நீக்கப்பட்டவை" என்ற வரியில் 50 லட்சம் இருக்காது, 16,66,666 இருக்கும். லூப்ஸ் 3 (மூன்று பிராசஸ்கள் பங்கிட்டு ஓட்டின) என்பதால் அது ஒரு லூப்பின் சராசரி. பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஆக்சுவல் ரோஸ் (உண்மையில் கிடைத்த வரிசைகள்) எண்ணும் அப்படித்தான். பழைய பதிப்புகளில் அங்கே 0 என்றே தெரியும், 18 ஆம் பதிப்பில் 0.33. "ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

டெலீட்டுக்கு எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டால் டெலீட் உண்மையிலேயே நடந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிகின் (டிரான்சாக்ஷன் தொடக்கம்), ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுதல்) இரண்டுக்கும் நடுவில் வைத்து ஓட்டுங்கள். தேர்வாளர்கள் இதைக் கவனிப்பார்கள்.

அடுத்து லாக், அதாவது ஒரு செஷன் டேபிளைப் பூட்டி மற்றதைக் காக்க வைப்பது. மூன்று டெர்மினல் திறங்கள். முதலாவதில் பிகின் போட்டு ஒரு செலக்ட் ஓட்டி, கமிட் செய்யாமல் விடுங்கள். இரண்டாவதில் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) போட்டு ஒரு நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள், அது காத்திருக்கும். மூன்றாவதில் ஒரு சாதாரண செலக்ட் போட்டால் அதுவும் நின்றுவிடும், ஏனென்றால் லாக்குக்கான க்யூவில் ஆல்டருக்குப் பின்னால் நிற்கிறது. "செலக்ட் செலக்டைத் தடுக்காதே" என்று படித்தவர்கள் திணறுவது இங்கேதான். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பதை பிஜி பிளாக்கிங் பிட்ஸ் ஃபங்ஷன் சொல்லும். முதல் செஷனுக்கு கேன்சல் (ஓடும் குவெரியை நிறுத்துவது) அனுப்பிப் பயனில்லை. அதில் குவெரி எதுவும் ஓடவில்லை, 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' நிலையில் சும்மா இருக்கிறது. கனெக்ஷனையே முடிக்கும் டெர்மினேட்தான் வேலை செய்யும். புரொடக்ஷனில் ஆல்டருக்கு முன் லாக் டைம்அவுட்டை (லாக்குக்குக் காத்திருக்கும் உச்ச நேரத்தை) 2 விநாடி என்று வைத்துக்கொண்டு, தோற்றால் திரும்ப முயல்வதே முறை.

அடுத்து வேக்யூம்: அப்டேட், டெலீட்டுக்குப் பின் மிஞ்சும் 'செத்த' பழைய வரிசைகளை அகற்றும் கட்டளை. அதன் சோதனையில் ஒரு நுணுக்கம். ஒரு செஷனைத் திறந்து வைத்துவிட்டு, இன்னொன்றில் எல்லா வரிசைகளையும் அப்டேட் செய்து வேக்யூம் வெர்போஸ் ஓட்டுவதுதான் திட்டம். திறந்த செஷன் ரீட் கமிட்டட் என்ற டீஃபால்ட் ஐசொலேஷன் நிலையில் இருந்தால் சோதனை பிசுபிசுத்துப் போகும். செலக்ட் முடிந்ததும் அது ஸ்னாப்ஷாட்டை (அந்த நொடியில் டேட்டா இருந்த நிலையின் பார்வையை) விட்டுவிடுகிறது. டிரான்சாக்ஷன் முடியும்வரை ஸ்னாப்ஷாட்டை வைத்திருக்கும் ரிபீட்டபிள் ரீடில் திறந்து ஒரு செலக்டும் ஓட்டி வையுங்கள். அப்போதுதான் செத்த 50 லட்சம் வரிசைகளையும் 'இன்னும் அகற்ற முடியாது' என்று வேக்யூம் சொல்லும். அந்தச் செஷனை மூடிவிட்டு மறுபடி ஓட்டினால் சுத்தமாகும், ஆனால் ஃபைல் அளவு குறையாது. இடம் மறுபயன்பாட்டுக்கு மட்டுமே. வேக்யூம் ஃபுல் அளவைக் குறைக்கும், கூடவே டேபிளை முழுசாகப் பூட்டும். ஆட்டோவேக்யூம் (தானாக ஓடும் வேக்யூம்) எப்போது வரும் என்று கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 50 உடன் டேபிள் வரிசைகளில் 20 சதவீதம் (ஸ்கேல் ஃபேக்டர் 0.2), அதாவது இந்த டேபிளுக்கு 10,00,050 செத்த வரிசைகள் தாண்டிய பிறகு. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை 0.02 ஆக்கலாம். சர்வர் முழுமைக்கும் மாற்றத் தேவையில்லை.

மெமரிக் கேள்விக்கும் கணக்குதான் பதில். ஒர்க் மெம் (குவெரி வேலைக்கான மெமரி வரம்பு) கனெக்ஷனுக்கு ஒன்று அல்ல, ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹாஷுக்கும் தனித்தனி. 64 எம்பி வைத்து, 100 கனெக்ஷன், ஆளுக்கு மூன்று சார்ட் என்றால் 19 ஜிபி அருகில் வரும். 16 ஜிபி மெஷினில் லினக்ஸ் ஏதோ ஒரு பிராசஸைக் கொன்றுவிடும். டீஃபால்ட் 4 எம்பியையே பொதுவாக விட்டு, ரிப்போர்ட் ஓட்டும் யூசருக்கு மட்டும் கூட்டுவது பாதுகாப்பு.

பேக்கப்பைப் பொறுத்தவரை டம்ப் (டேட்டாவை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்வது) எடுக்கத் தெரியும் என்பது போதாது. பேஸ் பேக்கப் (சர்வர் ஃபைல்களின் முழு நகல்) எடுத்து, வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதும் பதிவு) ஆர்க்கைவை ஓடவிட்டு, ஒரு டேபிளை டிராப் செய்து, அதற்கு ஒரு நிமிடம் முந்தைய நேரத்துக்கு மீட்டுப் பாருங்கள். 'குறித்த இலக்கை எட்டும் முன் மீட்பு முடிந்தது' என்ற பிழை பெரும்பாலும் வரும். டிராப் பதிவான 16 எம்பி வால் செக்மெண்ட் நிரம்பாததால் ஆர்க்கைவுக்கே போயிருக்காது. டிராப் செய்ததும் அடுத்த செக்மெண்டுக்கு மாற்றும் பிஜி ஸ்விட்ச் வால் ஃபங்ஷனை ஓட்டினால் தீரும். மீட்பு முடிந்தும் எழுத முடியவில்லை என்றால் பதற வேண்டாம். இலக்கை எட்டியதும் நின்று காத்திருப்பதுதான் டீஃபால்ட், ரெஸ்யூம் கொடுக்க வேண்டும்.

டிஸ்க் நிரம்பிய சர்வரைக் கொடுத்தால், வால் டைரக்டரிக்குள் போய் ஃபைல்களை அழிப்பவர் அங்கேயே தோற்றுவிடுகிறார். கிளஸ்டர் அதன்பின் எழும்பாமலே போகலாம். ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டிருக்கிறதா, யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் படிக்கும்வரை வாலை அழிக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட்தான் காரணம், அதைப் பயன்படுத்துபவர் யாருமில்லை என்று உறுதியானால் ஸ்லாட்டை டிராப் செய்துவிட்டு ஒரு செக்பாயிண்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் எழுதும் கட்டளை) போடுங்கள்; இடம் தானே திரும்பும்.