அந்த மீன் என்ன ஆனது?

ஜூன் 2
மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். விசைப்படகுகள் ஏப்ரல் 15-லிருந்து பாம்பனில் கட்டியே கிடக்கின்றன. அப்பா திண்ணையில் வலை தைக்கிறார், நான் பக்கத்தில் கம்பராமாயணம். அடுத்த செமஸ்டருக்கு அயோத்தியா காண்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது. குகன் வந்துவிட்டான். ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’ என்று வாசித்து, அம்பி என்றால் படகு என்றேன்.

"ஆயிரம் படகுக்கு முதலாளியா? அவன் எதுக்குத் தாயி தானே துடுப்புப் பிடிச்சான்?"

சரியான கேள்வி. உரையில் பதில் இல்லை.

ஜூன் 4
‘ஊனொடு மீன் நுகர் நாற்றம் மேய நகை இல் முகத்தினான்.’

குகனைச் சொல்லும் இந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ராமநாதபுரம் பஸ்ஸில் அம்மா மீன்கூடையோடு ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். அப்போது அம்மா முகத்திலும் சிரிப்பு இருக்காது. கம்பன் கேலி செய்கிறானா, பார்த்ததைச் சொல்கிறானா? நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் வாசனைதான் என்று வகுப்பில் சொல்வார்கள். இந்த இடத்தில் எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். மீன் மீனாகவே நாறட்டும்.

ஜூன் 7
இன்றைக்குத்தான் சிக்கல். குகன் தேனும் மீனும் கொண்டுவந்து, "என்கொல் திரு உளம்?" என்கிறான். ராமன் சுற்றியிருக்கிற முனிவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். அன்போடு கொண்டுவந்தால் அது அமுதத்தைவிட மேல், பவித்திரம் என்கிறான். கடைசியில், ‘இனிதின் நாமும் உண்டனெம் அன்றோ?’

உண்ட மாதிரிதானாம். உண்ணவில்லை.

முதல் வருடம் ஹாஸ்டலுக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொண்டுபோனேன். அறைத்தோழி ஒருத்தி டப்பாவைத் திறக்கக்கூட விடாமல், "சாப்பிட்ட மாதிரியே இருக்குப்பா, நீ சாப்பிடு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராமன் விரதத்தில் இருக்கிறான், அவளுக்கு விரதம் கிடையாது. இரண்டும் ஒன்றில்லை என்று தெரிகிறது. ஆனாலும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 8
அம்மாவிடம் சொன்னேன். சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், விரலெல்லாம் செதில்.

"சாப்பிடலைன்னா போகட்டும். அந்த மீன் என்ன ஆச்சு? விடிய வச்சிருந்தா கெட்டுப்போயிருக்குமே."

கம்பன் அதைச் சொல்லவில்லை. அன்று இரவு குகன் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறான். ராமன் படுத்திருக்கிறான், தம்பி காவல் நிற்கிறான். இருவரையும் பார்த்து ‘அம்பியின் தலைவன் கண்ணீர் அருவி சோர் குன்றின் நின்றான்.’ மறுநாள் அவனே நாவாயைச் செலுத்துகிறான். வேகமாகவும் போகிறது, அன்னம் மாதிரியும் போகிறது. அது எப்படி என்று அப்பாவைக் கேட்டேன். "ஏறியிருக்கிறது யாருன்னு தெரிஞ்சா கை தானா அப்படிப் போகும்." முதல் நாள் அவர் கேட்டதற்கும் இதுதான் பதில் போல. நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஜூன் 12
சித்தியோடு தனுஷ்கோடி. 1964 புயலில் ஊரே போய், கோதண்டராமர் கோயில் மட்டும் தப்பியது. ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை சத்தம், மணல் முகத்தில் அடித்தது. வீடணன் அடைக்கலம் வந்தது இங்கேதான் என்பார்கள். கம்பனில் ராமன் தன் உடன்பிறந்தோரை எண்ணி வீடணனிடம் சொல்வது: ‘குகனொடும் ஐவர் ஆனேம் முன்பு’. பிறகு சுக்கிரீவனோடு அறுவர், இப்போது நின்னொடும் எழுவர்.

கங்கைக்கரையில் விட்டுவந்த படகுக்காரன் பேரை இவ்வளவு தூரம் வந்து, எங்கள் மணலில் நின்று, முதலில் எடுக்கிறான். வந்தவன் ஓர் அரசனின் தம்பி, அவனிடம் போய்! பஸ் வரும்வரை அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14
இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. காலையிலிருந்து ஐஸ், டீசல் என்று அப்பாவுக்கு அலைச்சல். நடுவில் தனுஷ்கோடிக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன், ஐவர், அறுவர், எழுவர் எல்லாம். நன்றாகத்தான் கேட்டாள்.

"அப்பவும் அந்த மீனைப் பத்திக் கேக்கலையா?"