மருதமுனைத் துணியில் பழைய பாணிச் சாறிச் சட்டை: பஃப் கை தொங்காமல் நின்றுவிட்டது

சாறிச் சட்டையில் கழுத்தும் ஹூக் பட்டியும் இன்னும் மிச்சம். ஆனாலும் கை இரண்டும் பூட்டி, ஒருதரம் துவைத்து, காயவைத்து, அயன் பண்ணியாச்சு. பஃப், அதாவது தோளில் சுருக்கி உப்பவிட்ட பகுதி, அப்படியே நிற்கிறது. கிழக்கிலங்கையின் மருதமுனையில் நெய்யும் கைத்தறியில் பஃப் வைத்தால் தொங்கிப்போகும், வொயில் என்ற மெல்லிய துணி அல்லது சில்க்தான் சரி என்று சொல்லும் ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன். தொங்குவதற்குக் காரணம் துணியில் இல்லை, வெட்டும் திசையில் இருக்கிறது.

எடுத்தது 1950களின் பாணி: இடுப்போடு நிற்கும் ஒட்டிய உடம்பு, முன்னுக்கு நாலு டாட் (உடம்போடு ஒட்டுவதற்குப் பிடித்துத் தைக்கும் மடிப்பு), சின்ன வட்டக் கழுத்து, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடியும் கை. சுருக்கு தோளில் மட்டும், கைவிளிம்பு கையோடு ஒட்டி இருக்கும். உடம்பு வெட்டுவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று: தோள் அகலத்தை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் உள்ளே எடுக்க வேண்டும். வழமையான தோள் அளவிலேயே பஃப் பூட்டினால் அது தோள் முனையைத் தாண்டிப் பக்கவாட்டில் சரியும். உள்ளே எடுத்தால் தோள் எலும்பு அதைத் தாங்கும். பழைய கலியாணப் படங்களில் பஃப் உயர்ந்து தெரிவதற்கு இந்த அரை அங்குலமும் ஒரு காரணம்.

இனி துணி. சாறியோடு வரும் 80 செ.மீ. பிளவுஸ் துண்டு இதற்குக் காணாது. கரை கைவிளிம்பில் வரவேண்டும் என்றால் கைத்துண்டுகளைக் கரையோரமாக அடுக்க வேண்டும். 36 மார்பளவுக்கு ஒரு கை சுமார் 18 அங்குல அகலம், இரண்டுக்கும் 36 அங்குலக் கரை தேவை. 80 செ.மீ. என்றால் முப்பத்தொன்றரைதான். இரண்டு பக்கக் கரையும் ஒரே மாதிரி இருந்தால் பக்கத்துக்கு ஒரு கையாக வெட்டித் தப்பலாம், ஆனால் பைப்பிங்குக்கு (கழுத்து விளிம்பில் கயிறு வைத்துத் தைக்கும் பட்டி) கிராஸ் துணி, அதாவது மூலைவாக்கில் வெட்டும் துணி, மிஞ்சாது. ஒரு பக்கம் அகலக் கரை, மறுபக்கம் ஒடுக்கக் கரை என்றால் அதுவும் முடியாது. ஒரு மீற்றருக்கு மேல் வேண்டும். தனியாக வாங்கக் கிடைக்காவிட்டால் சாறியில் இடுப்புக்குள் செருகும் உள்பக்கத்தில் மிச்சத்தை வெட்டி, அந்த இடத்துக்கு அதே நிறப் பருத்தித் துணி ஒட்டுப்போடலாம். உடுத்தினால் வெளியே தெரியாது.

வெட்டுமுன் துணி சுருங்கி முடிய வேண்டும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் போடுங்கள். லைனிங்கையும் அப்படியே செய்ய வேண்டும். மேல்துணி மட்டும் சுருங்கியிருந்து லைனிங் பிறகு சுருங்கினால் டாட் நுனிகள் எல்லாம் இழுபடும். கடும் சிவப்பு, நீலம் என்றால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் வெள்ளை லைனிங் வேண்டாம்.

இப்போது திசை. சாறியில் கரை பாவு நூலோடு, அதாவது துணியின் நீளவாக்கில் போகும் நூலோடு, ஓடுகிறது. கரையைக் கைவிளிம்பில் வைத்து வெட்டினால் பாவு கையைச் சுற்றி வரும், குறுக்கே போகும் ஊடு நூல் தோளிலிருந்து கீழே வரும். சுருக்கின் மடிப்புகள் ஊடு நூலின் வழியே விழும். அப்படி விழும் மடிப்பு உடம்போடு ஒட்டிப் படியாது, வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பாவாடைக்கு இது குறை, பஃபுக்கு இதுதான் வேண்டும். அதே துணியில் கையை வழமைபோல் நீளவாக்கில் வெட்டினால் மடிப்பு பாவு வழியே விழுந்து மெதுவாகப் படிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மிச்சத் துண்டில் இரண்டு திசையிலும் ஒரு சாண் அகலம் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு விலை இருக்கிறது. பாவு இழுபடாது. கைவிளிம்பு கையைச் சுற்றி வளையல்போல் இறுகும். ஆகவே கையின் சுற்றளவோடு ஒன்றரை அங்குலம் கூட்டி வைக்க வேண்டும். வழமையான ஒரு அங்குலம் முழங்கையை மடிக்கும்போது போதாது. நெய்த கரை பிரியாது என்பதால் விளிம்பை மடித்துத் தைக்கத் தேவையில்லை. கரை இறுகி நெளிந்திருந்தால் வெட்டிவிட வேண்டாம், ஈரத் துணி போட்டு அயனை அழுத்தி வைத்தால் சமனாகும்.

சுருக்கின் அளவும் முக்கியம். வொயிலுக்கு ஒன்றுக்கு இரண்டு போடுவோம். கைத்தறிக்கு அது அதிகம். தையலில் துணி குவிந்து மெசின் ஏறாது. கையின் மேல் வளைவில் தோள் தையலுக்கு இருபுறமும் நாலு நாலு அங்குலம், மொத்தம் எட்டு. அந்த எட்டுக்குள் பதின்மூன்று அங்குலம் சுருங்க வேண்டும். அதாவது அளவுக்கு வெட்டிய கடதாசி மாதிரியில் மேலே ஐந்து அங்குலம் விரித்து, உயரத்தில் ஒன்றேகால் அங்குலம் கூட்டுவது. அக்குள் பக்கத்தில் சுருக்கே வேண்டாம்.

கைத்தறி நூல் கழன்று வருவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அதனால் கைக்குழியில் தையலுக்கு 20 மி.மீ. விட வேண்டும். சுருக்கும் ஓட்டுத்தையலை விளிம்பிலிருந்து 12, 17, 23 மி.மீ. என்று மூன்று வரிசை போடுங்கள், நிரந்தரத் தையல் 20இல் போகும். பலர் செய்வதுபோல் விளிம்பில் ஆறு மி.மீ.யில் ஒரு வரிசை போட்டால் இழுக்கும்போது அது துணி நூலையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வரும். தையல் நீளம் ஆகப் பெரிதாக, மேல் நூல் இறுக்கம் தளர்வாக, கீழ் நூல் சுற்றும் பொபினில் வேறு நிற நூல். பொபின் நூலைத்தான் இழுக்க வேண்டும், மூன்றையும் ஒன்றாக, இரண்டு பக்கமிருந்தும் தோளை நோக்கி. ஒரு பக்கத்தால் மட்டும் இழுத்தால் சுருக்கு அந்தப் பக்கமே குவியும். மூன்றாவது வரிசை தையலுக்கு வெளியே வருகிறது, பிறகு உருவிவிடலாம். பருத்தியில் ஊசித் துளை ஒரு துவையலோடு மூடிவிடும். சில்க்கில் மூடாது, அதில் இந்த முறை வேண்டாம்.

பூட்டும்போது சுருக்குப் பக்கம் மேலே இருக்கட்டும். மெசின் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் பாதம் சுருக்கை முன்னால் தள்ளி மடிப்பாக்கிவிடும். தோளின் இருபுறமும் இரண்டு அங்குலத்துக்கு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி, குத்தூசியால் சுருக்கைப் பிரித்துப் பிரித்து விட்டுத் தைப்பதே நல்லது. பழைய கறுப்புச் சிங்கரில் இந்த வேலை மிக நன்றாக வருகிறது. மின் மோட்டர் பூட்டிய மெசினில் வேகத்தை இவ்வளவுக்குக் குறைப்பது கடினம். ஊசி 14ஆம் நம்பர். தைத்ததும் விடுகையை 10 மி.மீ.க்கு வெட்டி, லைனிங் துணியின் கிராஸ் பட்டியால் மூடித் தைத்து, கைப்பக்கம் திருப்பிவிடுங்கள். உடம்புப் பக்கம் திருப்பினால் பஃபின் அடித்தாங்கலே போய்விடும்.

பஃபை உள்ளிருந்து தாங்கும் பட்டிக்கு நெட் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மட்டக்களப்பு வெயிலில் வியர்வையோடு அது தோளை அராவி எடுக்கும். அதே கைத்தறியைக் கிராஸாக மூன்று அங்குல அகலம், பத்து அங்குல நீளம் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஏழு அங்குலமாகச் சுருக்கி, தோள் விடுகையோடு கையால் தைத்தால் போதும். கஞ்சி, துணியை வெட்டுவதற்கும் சுருக்குவதற்கும் மட்டும் உதவி: அரை லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசிமா, காய்ச்சி ஆறவிட்டுக் கைத்துண்டில் மட்டும். வாவிக்காற்றில் கஞ்சி தளர்ந்துவிடும், ஆகவே பஃபை அதன் பொறுப்பில் விட முடியாது. கஞ்சியோடு அலுமாரியில் வைத்தால் பூச்சியும் அரிக்கும்.

துணி வாங்குவதில் ஒரு கவனம். மருதமுனைக்கே போய் நெய்யும் இடத்தில் வாங்கினால் ஊடு நூல் எவ்வளவு நெருக்கம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுக்கலாம். கடையில் பருத்திக் கைத்தறி என்று தந்த ஒரு துண்டில் பொலியெஸ்டர் கலந்திருந்தது. இப்படி விற்பது நெய்பவர்களின் பெயரையும் கெடுக்கிற வேலை. ஓரத்தில் இரண்டு நூல் உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து பொடிச் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாக உறையும்.

அடுத்த சட்டைக்குப் பின்பக்கம் திறந்து, துணி பொத்திய பட்டனும், அதை மாட்டக் குழாய்போல் தைத்த துணி வளையமான குழாய்க் காதும் வைக்க எண்ணம். காதுக்கு இந்தத் துணியே சரிவருமா, அல்லது மெல்லிய பொப்லின் வேண்டுமா என்று முதலில் ஒரு துண்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு அங்குலக் கிராஸ் பட்டியைத் தைத்துத் திருப்பும்போது கைத்தறி நடுவிலே பிரியக்கூடும். இந்தச் சட்டைக்கு முன் ஹூக்தான். பட்டிக்குள் மெல்லிய கன்வஸ் ஒட்டிவிட்டேன், கழுத்துப் பைப்பிங்குக்குக் கயிறு ஊறிக் கிடக்கிறது. அதையும் சுருங்க வைக்காமல் உள்ளே விட்டால் முதல் துவையலிலேயே கழுத்து நெளியும்.