உறங்காப் புளியின் அடியில்

அப்பாவின் வேண்டுதல் அது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், "நவதிருப்பதியும் சேவிக்க வேண்டும், முதலில் ஆழ்வாரை" என்றார். தாமிரபரணிக் கரையின் ஒன்பது பெருமாள் கோயில்கள்தாம் நவதிருப்பதி; ஆழ்வார் என்று அவர் சொன்னது நம்மாழ்வாரை. நாள் தள்ளிக்கொண்டே போயிற்று, அவரும் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் மாயை என்று தேற்றினார்கள். அம்மா அன்று வாய் திறக்கவில்லை. "அவர் வாழ்ந்தது பொய்யா?" என்று இரவில் என்னிடம் கேட்டார். மாயை என்றால் வெறும் பொய் என்று சங்கரர் சொல்லவில்லை. உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாதது என்பதே அவர் வழி. அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்மாழ்வாரின் ஊரான ஆழ்வார்திருநகரிக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையில் போனது என் தவறு. திருநெல்வேலியில் பேசிய வேன்காரர், ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் காட்டுவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆழ்வார் சன்னிதிக்கு இருபது நிமிடம்தான் என்றார். சேவிக்க வந்தவர்களிடம் கடிகாரத்தைக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மீதிப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தக் கோயில் பெருமாளான பொலிந்துநின்ற பிரானைக் கூட்டத்தின் நெரிசலில், யார் யாருடைய தோள்களுக்கோ இடையில் சேவித்தோம்.

புளியமரத்தடியில் கூட்டம் சற்று விலகியது. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் வாய் பேசாமல் வீற்றிருந்த மரம். இரவிலும் இலை மூடாது என்பதால் உறங்காப் புளி. வடக்கேயிருந்து ஒளியைப் பின்தொடர்ந்து வந்த மதுரகவிகள், பின்னர் ஆழ்வாரின் சீடரானவர், இங்கேதான் கேட்டார்: "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்றார் ஆழ்வார். அறிவற்ற உடலுக்குள் வந்த உயிர், அந்த உடல் தரும் இன்ப துன்பங்களையே உண்டு அதிலேயே கிடக்கும் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள்.

முழங்கால் வலியோடு அம்மா நின்றுகொண்டே பாட ஆரம்பித்தார். ஆழ்வார் பாடிய திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில் அப்பா தினமும் சொன்னது இது: "திடவிசும்பு எரி வளி நீர் நிலம் இவைமிசை..." "உடல்மிசை உயிர் எனக் கரந்து எங்கும் பரந்து உளன்" என்ற இடத்தில் குரல் அடைத்துக்கொண்டது. ஒரு பழுத்த இலைத்துணுக்கு அவர் முந்தானையில் விழுந்து கிடந்தது. அதை விரல் நுனியால் தொட்டபடியே நின்றார்.

விண்ணும் தீயும் மண்ணும் பெருமாளுக்கு உடல்; அவன் அவற்றுக்கு உயிர். இராமானுசர் சித்தாந்தமாக விரித்ததும் இந்த உறவைத்தான். உடல் பொய்யில்லை, உயிரை விட்டுத் தனியே நிற்பதும் இல்லை. அப்படியானால் அப்பா நட்ட செடி, அவர் போட்ட சண்டை, கடைசி நாட்களின் மூச்சிரைப்பு எல்லாமே அவனுடையவை. எத்தனை முறை படித்த வரி! அன்றுதான் நெஞ்சில் இறங்கியது. ஆழ்வாரே, என்ன கைம்மாறு செய்வேன்!

திருவடி பொறித்த கிரீடமான சடாரியைத் தலையில் சாதிக்கும்போது அம்மா குனிந்தார். நிமிர்ந்ததும் மறுபடி குனிந்தார். அர்ச்சகர் ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறையும் வைத்தார்.

"இது அவருக்கு" என்றார் அம்மா.