பந்து வராதபோது அவன் என்ன செய்கிறான்?

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிக்கிற ஆள், எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று தெரியவேண்டுமானால், அவனுக்குப் பந்து வராத நேரத்தில் அவனைப் பார்க்க வேண்டும். இது என் கட்சி. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கில் படிக்கிற என் அக்கா பையன் இதை ஒப்புக்கொள்வதில்லை. "மாமா, ரிசீவரை டீம்ல எடுக்கறதே பந்து பிடிக்கத்தான். பிளாக் பண்றது கூடக் கொஞ்சம் கிடைச்சா நல்லது, அவ்ளோதான்" என்பான். போனில் எத்தனை பேசியும் தீராத வழக்கு இது. முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சேலத்தில் ஒரு பள்ளியில் நான் பி.டி. மாஸ்டர். ஆடியதும் சொல்லிக்கொடுப்பதும் கபடி. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பழக்கிவிட்டவன் அக்கா பையன்தான். செப்டம்பர், அக்டோபரில் அங்கே சனிக்கிழமை மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9.30க்குத் தொடங்கும். மூன்றரை மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் நமக்கு நள்ளிரவு 1 மணிக்கு. அங்கே ராத்திரி ஏழரை என்றால் இங்கே ஞாயிறு விடிகாலை 5. கோரிமேட்டில் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு மலைக்காற்று ஜில்லென்று வரும். வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள், நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கம் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. நடுவில் ஐந்து கனத்த ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் குவாட்டர்பேக், பக்கத்தில் ரன்னிங் பேக். மைதானத்தின் ஓரமாகத் தள்ளி நிற்பவர்கள் வைட் ரிசீவர்கள். குவாட்டர்பேக் எறிந்தால் பிடிக்க வேண்டியது இவர்கள் வேலை. அவன் எறியாமல் ரன்னிங் பேக் கையில் பந்தைக் கொடுத்துவிட்டால், எதிரணிக்காரன் பந்தை நெருங்காதபடி இவர்கள் குறுக்கே நிற்க வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது, மறிக்கலாம். அதுதான் பிளாக்.

ஓர் அணி ஒரு ஆட்டத்தில் 60, 70 பிளே ஆடும். பெரிய ரிசீவருக்கே ஐந்தாறு கேட்ச் கிடைத்தால் நல்ல நாள். மீதி நேரம் அவன் என்ன செய்தான் என்று ஸ்கோர் ஷீட்டில் தேடினால் ஒன்றும் இருக்காது. எத்தனை கேட்ச், எத்தனை யார்டு, எத்தனை டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) என்பதோடு சரி. பிளாக்குக்கு அதிகாரப்பூர்வமான கணக்கே கிடையாது. டிவி கேமராவும் பந்தின் பின்னால்தான் போகும். ஓரத்தில் நடக்கிற மல்லுக்கட்டு படத்துக்கு வெளியே நடந்து முடிந்துவிடும். 22 பேரும் தெரியும்படி மேலேயிருந்து எடுக்கிற வீடியோவைப் பார்க்கிறவர்களுக்குத்தான் முழுக்கதையும் தெரியும். கோச்சுகள் பார்ப்பது அதைத்தான்.

என் கட்சிக்கு முதல் காரணம் நேரடியானது. நடுவில் உள்ள ஐந்து பேரும் நன்றாக மறித்தால் ரன்னிங் பேக்குக்கு ஐந்து, எட்டு யார்டு கிடைக்கும். அதைத் தாண்டினால் எதிரே அந்த அணியின் பின்வரிசைத் தடுப்பாளர்களான சேஃப்டிகளும் கார்னர்பேக்குகளும் இருப்பார்கள். எல்லோரும் வேகமான ஆட்கள், துரத்திப் பிடிக்கக்கூடியவர்கள். நம்முடைய கனத்த ஆட்கள் அவ்வளவு தூரம் ஓடிவந்து அவர்களை மறிப்பது அபூர்வம். அந்த இடத்தில் முன்கூட்டியே இருக்கிற நம் ஆள் ரிசீவர்தான். எட்டு யார்டோடு நிற்க வேண்டிய ஓட்டம் எண்பது யார்டு போவதும் போகாததும் பெரும்பாலும் அவன் கையில் இருக்கிறது.

2015 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல் என்ற ஆட்டம். அது அந்தக் கல்லூரி சீசனின் இரண்டு அரையிறுதிகளில் ஒன்று, ஒஹையோ ஸ்டேட்டும் அலபாமாவும் மோதின. கடைசிக் கால்பகுதியில் நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ஒஹையோ ஸ்டேட் 34-28 என்று முன்னால் இருந்தது. பந்து அவர்களுடைய 15 யார்டு கோட்டில். எசக்கியேல் எலியட் பந்தை வாங்கிக்கொண்டு 85 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். கடைசியில் 42-35. அந்த ஓட்டத்தை யூடியூபில் பாருங்கள், ஆனால் எலியட்டைப் பார்க்காதீர்கள். எவன் ஸ்பென்சர் என்ற வைட் ரிசீவரைப் பாருங்கள். ஒரே பிளாக்கில் அலபாமாக்காரர்கள் இரண்டு பேரை வழியிலிருந்து எடுத்துவிடுகிறார். எலியட் நுழைந்த சந்து அங்கேதான் திறந்தது. எலியட் பெயரில் அன்று 230 யார்டு எழுதியிருக்கிறது. ஸ்பென்சர் அதே ஆட்டத்தில் ஒரு டச் டவுன் பாஸ் எறிந்தார், அது கணக்கில் இருக்கிறது. அந்த பிளாக் இல்லை. 11 நாள் கழித்து ஓரிகனை ஜெயித்து ஒஹையோ ஸ்டேட் சாம்பியன் ஆனது.

இதை வெறும் உடம்புப் பலம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்டாக் பிளாக், அதாவது ரிசீவர் கார்னர்பேக்கை நேருக்கு நேர் நின்று மறிப்பது, எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டும். நான் ரொம்ப நேரம் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

பந்து கிளம்பியதும் ரிசீவர் முழுவேகத்தில் நேராக ஓட வேண்டும், இப்போது பந்து தன்னிடம்தான் வரப்போகிறது என்பதுபோல. கார்னர்பேக் அதை நம்பிப் பின்வாங்குவான். ஒரு கட்டத்தில் "இது ஓட்டம்" என்று அவனுக்குப் புரிந்து நின்றுவிடுவான். அந்த நொடியில் ரிசீவர் காலடியைச் சின்னதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி அவன் எதிரே நிற்க வேண்டும். பாய்ந்து மோதினால் அவன் நகர்ந்துகொள்வான், ரிசீவர் தரையில் கிடப்பான். அவசரப்படாமல் அவனை வரவிட்டு, இரண்டு கையையும் அவன் தோள்களுக்கு உள்பக்கம் மார்பில் வைத்து, அவன் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறானோ அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவன் இடது பக்கம் போனால் ரன்னிங் பேக் வலது பக்கம் போய்விடுவான். கை வெளியே போய் ஜெர்சியைப் பிடித்துவிட்டால் ஹோல்டிங், 10 யார்டு தண்டனை. முதுகில் தள்ளினாலும் 10 யார்டு. நல்ல ஓட்டம் ஒன்று மொத்தமாக ரத்தாகிப் போகும்.

இதில் என்னை அசர வைப்பது, ரிசீவருக்குப் பந்து எங்கே வருகிறது என்றே தெரியாது. ரன்னிங் பேக் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான். எதிரே நிற்கிற கார்னர்பேக்கின் உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, மூன்று நொடி தாக்குப்பிடித்தால் போதும், ஆனால் அந்த மூன்று நொடிக்கு அத்தனை கவனம்.

கபடி ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பாடி வருகிறவனைக் கார்னர் ஆள் காலைப் பிடித்து அமுக்கினால் கைதட்டல் அவனுக்கு. கவரில் நின்ற ஆள் ஒரு எட்டு முன்னால் வந்து, ரெய்டர் நடுக்கோட்டுக்குத் திரும்புகிற வழியை அடைத்தான் என்பது எத்தனை பேர் கண்ணில் படும்? பொங்கலுக்கு அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் டியூப்லைட் கட்டி நடத்துகிற ராத்திரி ஆட்டங்களில் பெருசுகள் சில பேர் அந்தக் கவர் ஆளைப் பெயர் சொல்லிப் பாராட்டுவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் ஆட்டம் பார்க்கப் பழகினேன். எங்கள் பள்ளிப் பையன்களிடம் இந்த ஸ்டாக் பிளாக் வீடியோவைக் காட்டியபோது, டீமில் கவர் ஆடுகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் மட்டும் "சார், இந்த ரிசீவர் எதிராளியோட இடுப்பைத்தான் பாக்கறான், மூஞ்சிய பாக்கல" என்றான். ரெய்டரின் தலையாட்டலில் ஏமாறாதே, இடுப்பைப் பார் என்று நான் தினமும் கத்துவதை அவன் அங்கே கண்டுபிடித்துவிட்டான். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, புரொபஷனல் ஆட்டத்தை விடக் கல்லூரி ஆட்டத்தில் இது ஏன் இன்னும் முக்கியம்? மைதானத்தின் கோடுகளே காரணம். மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு பிளேயும் ஹாஷ் மார்க் என்ற இரண்டு வரிசைக் கோடுகளின் மேலோ அவற்றுக்கு நடுவிலோ தொடங்கும். புரொபஷனல் லீக்கான என்.எஃப்.எல்லில் அந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 18.5 அடிதான், அதனால் பந்து எப்போதும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். கல்லூரியில் இடைவெளி 40 அடி. பந்து ஒரு ஹாஷ் மார்க்கில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பக்கம் பெரிய வெட்டவெளி. அங்கே பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் ஓட இடம் உண்டு, ஆனால் மறிக்க ரிசீவர்களை விட்டால் ஆள் இல்லை.

விதியும் இதற்குச் சாதகம். கல்லூரி ஆட்டத்தில் எறிந்த பந்து, பிளே தொடங்கிய கோட்டைத் தாண்டாமல் இருந்தால், பந்து கைக்கு வருவதற்கு முன்பே மற்ற ரிசீவர்கள் முன்னால் போய் மறிக்கத் தொடங்கலாம். அதனால்தான் பபிள் ஸ்க்ரீன் என்ற பிளே அங்கே இவ்வளவு ஓடுகிறது. ஒருவன் பக்கவாட்டில் வருகிற பந்தைப் பிடிப்பான், இரண்டு பேர் அவன் முன்னால் மறிப்பார்கள். அந்த இருவரில் ஒருத்தன் சோம்பினால் இரண்டு யார்டு நஷ்டம். இருவரும் நின்று மறித்தால் பத்து, பதினைந்து யார்டு லாபம். புள்ளிவிவரத்தில் அதைப் பாஸ் என்றுதான் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பிளாக்.

இங்கேதான் அக்கா பையனை அவன் கல்லூரியை வைத்தே மடக்குவேன். பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை ஜார்ஜியா டெக்குக்குக் கோச். அவர் ஆடியது டிரிப்பிள் ஆப்ஷன், பந்தை எறிவதே குறைவு, ஓடிக்கொண்டே இருப்பார்கள். ரிசீவராக அங்கே போனால் வேலை பிளாக் செய்வதுதான். அந்த அணியில் டெமாரியஸ் தாமஸ் 2009 சீசனில் பிடித்தது 46 கேட்ச். 14 ஆட்டத்துக்கு அது ரொம்பக் குறைவு. ஆனால் அந்த 46க்கு 1,154 யார்டு, கேட்சுக்கு 25 யார்டு! 2010இல் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது என்.எஃப்.எல் அணியான டென்வர் பிராங்கோஸ் அவரை முதல் சுற்றில் எடுத்தது. 2011இல் அதே ஜார்ஜியா டெக்கின் இன்னொரு ரிசீவர் ஸ்டீபன் ஹில் 28 கேட்சில் 820 யார்டு.

இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஆட்டம் முழுக்க ஒரு ரிசீவர் முழுவேகத்தில் ஓடிவந்து மறிக்கிறான் என்று வையுங்கள். கார்னர்பேக் அலுத்துப்போய், "இதுவும் ஓட்டம்தான்" என்று முன்னால் ஓர் எட்டு எடுத்துவைக்கத் தொடங்குவான். அந்த ஓர் எட்டு போதும். அடுத்த தடவை ரிசீவர் நிற்காமல் அவனைத் தாண்டிப் போய்விடுவான், பந்து தலைக்குமேல் வரும். மாறாக, ஓட்டத்தின்போது பொடிநடை போட்டு, பாஸ் என்றால் மட்டும் பாய்கிற ரிசீவர் எதிரணிக்கு முன்கூட்டியே துப்புக் கொடுக்கிறான். ஆக, பிளாக் செய்யாதவன் தன் கேட்சையும் கெடுத்துக்கொள்கிறான். இதற்கு அக்கா பையனிடம் இன்னும் பதில் இல்லை.

அவன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. பையனுக்கு விலை பேசும்போது எல்லோரும் பார்ப்பது கேட்ச் எண்ணிக்கை. 20 வயதுப் பையன் தோளைப் பணயம் வைத்து, யாரும் எண்ணாத வேலையை ஏன் செய்ய வேண்டும்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எண்ணாதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு ஆட்டத்தில் இருபது ஓட்டத்துக்குக் கார்னர்பேக்கை மறித்து நிறுத்தியவன் பெயரை ஸ்கோர் ஷீட்டில் ஒரு வரியில் போடுவது அவ்வளவு பெரிய வேலையா?

முரட்டுத்தனத்தை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து என்.எஃப்.எல்லுக்கு வந்த ரிசீவர் ஹைன்ஸ் வார்டு பிளாக்குக்குப் பேர்போனவர். 2008இல் எதிராளி பார்க்காத பக்கமாக அவர் மோதியதில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவரின் தாடை உடைந்தது, அடுத்த ஆண்டே என்.எஃப்.எல் விதியை மாற்றியது. கல்லூரியிலும் 2019இல் கண்ணில் படாத பக்கத்திலிருந்து பலமாக மோதுவதைத் தடை செய்தார்கள். 2022இல் ஓரப் பகுதிகளில் இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டும் நல்ல முடிவு. இனி காலில் விழுந்து ஆளைச் சாய்க்கிற குறுக்குவழி ரிசீவருக்கு இல்லை. நின்றுகொண்டே, நேருக்கு நேர், காலடியாலும் கையாலும்தான் மறிக்க வேண்டும். திறமைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டிசம்பரில் அமெரிக்க ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் மோதுகிற ஆர்மி - நேவி ஆட்டம் வரும். அங்கே சனிக்கிழமை மதியம், நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில். இரண்டு அணியும் ஓடுவதை நம்பி ஆடுகிறவர்கள். முதல் கால்பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்கிற ஒரு ரிசீவரை மட்டும் பாருங்கள். கேமரா அவனை விட்டுப் போனால் ரீப்ளே வரும்வரை பொறுங்கள், அதில் பெரும்பாலும் கிடைப்பான். பார்த்துவிட்டு கமெண்ட்டில் எழுதுங்கள். அக்கா பையனும் இதைப் படிப்பான், அவன் கட்சிக்கு ஆள் சேர்கிறதா, என் கட்சிக்கா என்று பார்த்துவிடலாம்.