மூன்றாம் நாள் பால்

கோணேசர் கோயில் மலையில் பிள்ளை வரம் கேட்டு மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுவார்கள், நாங்களும் கட்டினோம். ஒன்பது வருடம் கழித்து வயிற்றில் தங்கியவள் 36ஆவது கிழமையில், ஒரு வியாழன் பின்னேரம், துடிக்காமல் விட்டாள். இனிப்பாகத் தேத்தண்ணீர் குடித்து, இடப்பக்கம் சரிந்து படுத்து துடிப்பை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஸ்கேன் செய்த டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பியபோதே விளங்கிவிட்டது. அப்புறமும் மருந்து ஏற்றி, வலி வரவைத்து, எல்லாரையும் போலப் பெறத்தான் வேணும் என்றார்கள், இதையெல்லாம் யார் முன்கூட்டிச் சொல்கிறார்கள்?

தலை நிறைய மயிர். இவருடைய அதே நாடி. நகம்கூட வளர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் பால் கட்டியது. பிள்ளை இல்லையென்று உடம்புக்குத் தெரியாதுதானே. அம்மா எங்கள் பந்தலிலேயே மல்லிகைப்பூ பறித்து வந்து, மார்பில் பரப்பி, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார், பால் வற்ற அது அந்தக்கால வைத்தியமாம். காய்ச்சலும் பூ வாசமுமாய் இரவு முழுக்கக் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் "இன்னொன்று கிடைக்கும் பிள்ளை" என்றார்கள். சரி, கிடைக்கட்டும். இவளை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை?

தொட்டிலை அவிழ்த்துவிடுவோமா என்று இவர் போன கிழமை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.