நீலகிரியில் தாய்-சேய் ஊட்டச்சத்து ஆய்வுக்கு அனுமதி வாங்கிய அனுபவம்

டிசம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, கோவையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, மலையேறி, ஊட்டியில் நான் தேடிப் போன அலுவலகத்தின் வாசலை அடைந்தபோது மணி பத்தரை. தாய்மார்களின் உடல் பருமனையும் அவர்களுடைய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியையும் சேர்த்து ஆராயும் என் முனைவர் பட்ட ஆய்வுக்கு, அங்கன்வாடி மையங்களுக்குள் போவதற்கான மாவட்ட அளவிலான ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. பிரிவு எழுத்தர் என் கோப்பைப் புரட்டி, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த அனுமதிக் கடிதத்தின் அச்சுப்படியைத் தனியே எடுத்து வைத்து, “இது பிரிண்ட் அவுட்டும்மா. ஒரிஜினல் எங்களுக்குத் தபால்ல வரணும், வரலை” என்றார். அலுவலரைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, “இன்னிக்குத் திங்கக்கிழமை, எல்லாரும் கலெக்டர் ஆபீஸ்ல இருப்பாங்க” என்று பதில் வந்தது. திங்கட்கிழமை எல்லா மாவட்டங்களிலும் மக்கள் குறைதீர் நாள் என்பதும், துறை அலுவலர்கள் அத்தனை பேரும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்த செய்திதான். பயணத்தைத் திட்டமிட்டபோது நினைவுக்கு வராமல் போனது. அன்று மாலையே வெறுங்கையோடு மலையிறங்கினேன்.

அந்த ஒப்புதலுக்கு நான் ஏன் அவ்வளவு அலைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்; 25 முதல் அதிக எடை) 25-ஐத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். இவ்விரண்டு செய்திகளும் ஒரே வீட்டில் சந்திக்கும் இடத்தைத்தான் நான் பார்க்க விரும்பினேன்: தாய் அதிக எடையோடும் பிள்ளை வளர்ச்சி குன்றியும் இருக்கும் வீடு. ஊட்டச்சத்துத் துறையினர் இதை இரட்டைச் சுமை என்கிறார்கள். தாயைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் எண்ணும்போது இந்த வீடு கண்ணுக்குப் படுவதில்லை. இருவரையும் ஒரே நாளில், ஒரே கருவிகளால், ஒரே கை அளக்க வேண்டும்.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் வித்து அங்கேயே விழுந்திருந்தது. குழுவிலிருந்த மருத்துவர் ஒருவர், விரல் நுனியில் இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கும் என் திட்டத்தைப் பற்றி, “கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?” என்று மட்டும் கேட்டார். உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பிலேயே கூடியிருக்கும். அதற்குரிய அளவைக் கழிக்காமல் விட்டால் இரத்தசோகை உள்ளவர்களும் நலமானவர்களாகத் தெரிவார்கள். என் திட்டத்தில் அந்தத் திருத்தம் இல்லை. அந்தப் பகுதியையே நீக்கிவிட்டேன். பழங்குடியினர் குடியிருப்புகளுக்குள் ஆய்வு செய்ய 2017ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைகளின்படி உரிய நிர்வாக அதிகாரியின் தனி அனுமதி தேவை என்பதால், படகர் ஊர்களோடும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளோடும் நிறுத்திக்கொள்வதென்றும் அன்று முடிவானது.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தியது குழுவின் பொது உறுப்பினராக இருந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் கேள்வி. ஒப்புதல் படிவத்தின் முதல் வரியிலேயே ‘உடல் பருமன்’ என்று இருக்கிறதே, அதைப் படிக்கும் தாய் தன்னைக் குண்டு என்று சொல்ல யாரோ வந்திருப்பதாகத்தானே நினைப்பாள் என்று அவர் கேட்டார். அது மருத்துவச் சொல் என்று நான் வாதாடினேன். படிவத்தைத் திருத்தி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும்படி முடிவெழுதினார்கள். அடுத்த கூட்டம் இரண்டு மாதங்கள் கழித்து. ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் போனதே என்று அப்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது. ‘உங்கள் உடல்நலமும் உங்கள் குழந்தையின் வளர்ச்சியும்’ என்று படிவத்தை மாற்றி எழுதி ஒப்புதல் பெற்றேன். ஆய்வின் தலைப்பில் மட்டும் கை வைக்கவில்லை. அலுவலகங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் ‘தாய்மார்களின் உடல் பருமன்’ என்றே தலைப்பு தொடங்கியது. சென்னை அனுமதி ஐந்து வாரத்தில் வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து, ஒரு வியாழக்கிழமை மறுபடியும் மலையேறினேன். அதே எழுத்தர், அதே பதில். இம்முறை நான் நகரவில்லை. கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒன்றரை மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, கடிதத்தின் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடிதம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வந்து பதிவாகியிருந்தது. பொருள் என்ற இடத்தில் உடல் பருமன் என்று இருந்ததால், அது சுகாதாரம் சார்ந்தது என்று கருதி வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அங்கே அது தங்களுக்கு உரியதல்ல என்று யாரோ ஒரு காகிதக் கட்டுக்குள் சேர்த்து வைத்திருந்தார்கள். கண்காணிப்பாளர் தொலைபேசியில் பேசிய பிறகு நானே நடந்துபோய், அந்தக் கட்டை அவிழ்க்கச் செய்து, கடிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாளே அந்தப் பதிவேட்டை ஒருவர் திறந்து பார்த்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. அன்று மாலை நான்கரைக்கு ஒப்புதல் கையெழுத்தானது.

அங்கன்வாடி சார்ந்த ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தலைமை அலுவலகத்துக் கடிதம் எந்தத் தேதியில், எந்த எண்ணில் அனுப்பப்பட்டது என்பதை அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் ‘கடிதம் வந்ததா’ என்று கேட்பதைவிட, ‘இந்த எண்ணுள்ள தபால் எந்தப் பிரிவில் இருக்கிறது’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும்.

களத்தில் முதல் நாளே ‘உடல் பருமன்’ என்ற அந்தச் சொல் மூன்றாம் முறையாக என்னை மறித்தது. கோத்தகிரிக்கு அருகே ஒரு தோட்டத்து மையத்தில், நல்லெண்ணத்தோடு டீச்சர் என் அனுமதிக் கடிதத்தைத் தாய்மார்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். தலைப்பு முடிவதற்குள், முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, “நான் குண்டுன்னு எழுதிட்டுப் போறதுக்கா மேடம் கோயமுத்தூர்லேருந்து வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு வெளியேறினார். அவரோடு இன்னும் மூவர் போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னதன் முழுப் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதன்பின் எந்த மையத்திலும் கடிதத்தை டீச்சரிடம் மட்டும் காட்டிவிட்டு, தாய்மார்களிடம் நானே பேசினேன். எடையைத் திரைக்குப் பின்னால் பார்த்து, எண்ணை அவரவர் காதில் மட்டும் சொன்னேன்.

அளவெடுப்பதில் நான் பட்டவை தனி. சமவெளியில் செய்த முன்னோட்டத்தில் எடைக்கருவியைத் தரையில் வைத்தால் போதும் என்றிருந்தது. மலையில் பாதித் தரைகள் சரிவு. ஒரே பெண்ணுக்கு இரண்டு மூலைகளில் 600 கிராம் வேறுபாடு வந்த பிறகு, கோத்தகிரிக் கடையொன்றில் கெட்டியான பிளைவுட் பலகையும் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டமும் வாங்கினேன். பலகையை மட்டம் பார்த்து வைத்து, ஐந்து கிலோ எடைக்கல்லை ஏற்றிச் சரிபார்த்த பிறகே அளக்கத் தொடங்குவது வழக்கமானது. அடுத்தது குளிர். மெல்லிய ஆடையில் எடை பார்க்க வேண்டும் என்று நூல்கள் சொல்கின்றன. பிப்ரவரி மாதத்துக் காலையில் ஒன்றரை வயதுக் குழந்தையின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. அதே போன்ற ஸ்வெட்டர், குல்லாய், கம்பளிக் காலுறை ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கழித்தேன். தாயின் சால்வைக்கும் அப்படியே.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். எந்தச் சமாதானத்துக்கும் படுக்க மறுக்கும் பிள்ளையை நிற்க வைத்து அளந்தால், 0.7 சென்டிமீட்டர் கூட்டிக் கணக்கிட வேண்டும், அப்படி அளந்ததைக் குறிப்பிலும் எழுத வேண்டும். இதைவிடப் பெரிய குழப்பம் பிறந்த தேதி. மையத்துப் பதிவேட்டில் ஒன்றும் தாய்-சேய் நல அட்டையில் இன்னொன்றுமாக இருந்த பிள்ளைகள் பலர். இரண்டு மாத வேறுபாடு போதும், வளர்ச்சி குன்றிய குழந்தை சரியான குழந்தையாகிவிடும். ஆகவே பிறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் எந்தத் தேதியையும் நான் எழுதவில்லை. கருவுற்றவர்களையும், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாதவர்களையும் பிஎம்ஐ கணக்கில் சேர்க்கக்கூடாது. அந்தக் கேள்வி என் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததால் சிலரை வீணாக ஏற்றி இறக்கினேன். அதை முதல் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

முந்தைய நாள் உண்டதையெல்லாம் சொல்லும்படி கேட்டபோது, “காலைல ஒண்ணும் சாப்பிடலைங்க, டீ மட்டும்தான்” என்ற பதிலை முதல் வாரம் முழுவதும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதிவைத்திருந்தேன். பிறகு ஒரு வீட்டில் டம்ளரைக் கேட்டு வாங்கி, சர்க்கரைக் கரண்டியையும் எடைபோட்டுப் பார்த்தேன். பால் கலந்த டீ நாளுக்கு ஆறு டம்ளர், டம்ளருக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு நான்கு கிராம். 2000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சர்க்கரையின் உச்ச அளவான 50 கிராமை டீ ஒன்றே ஏறக்குறைய எட்டிவிட்டது. அதே டீயில் பன்னைத் தொட்டு, பிள்ளையும் காலை உணவை முடித்துவிட்டிருந்தது. டீ ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்காதவரை அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. முதல் வாரத்து வீடுகளுக்கெல்லாம் திரும்பிப் போய்க் கேட்டேன்.

தோட்டத் தொழிலாளர்களை வேலை நேரத்தில் அழைக்காதீர்கள், அன்றைய கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீடுகளுக்கே போனேன். மூன்றாவது ஞாயிறு, முதல் நாள் எழுந்துபோன அந்தப் பெண் தானாக வந்து வரிசையில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவருடைய பிஎம்ஐ 27-ஐத் தாண்டியிருந்தது. மூன்று வயது மகளின் உயரம் வயதுக்குரிய எல்லைக்குக் கீழே இருந்தது. நான் தேடி வந்த வீடு அது. இரண்டு எண்களையும் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். தன்னுடையதைக் கேட்டுக்கொண்டார்; மகளுடையதைக் கேட்டதும், “முட்டைய மையத்துல கொடுக்குறாங்க, சாப்பிடுறாளான்னு நான் கேட்டதே இல்லைங்களே” என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறிப்பெழுதிக் கொடுத்து, டீச்சரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அனுமதிக் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது; குந்தா பகுதியில் நான்கு மையங்கள் மீதியிருப்பதால் நீட்டிப்புக் கேட்டிருக்கிறேன். ‘தாய்-சேய் ஊட்டச்சத்து’ என்று பொருளை மாற்றி எழுதிய விண்ணப்பத்தைக் கடந்த செவ்வாய்க்கிழமை நேரில் கொடுத்தேன். எழுத்தர் அதை வாங்கி எண் போட்டு, எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பதை நான் கேட்பதற்கு முன்பே என் நகலில் எழுதிக் கொடுத்தார்.