முடிவு எடுக்கப்படவில்லை

"அப்போ 17ஆம் நம்பர் பஸ்ஸை நிறுத்த மாட்டாங்கன்னு எழுதிக்கலாமா தம்பி?"

கேட்ட அம்மாவின் கையில் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நோட்டீஸ், பின்பக்கம் திருப்பியபடி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு ஒடிந்து, நூல் சுற்றியிருந்தது. "நிறுத்துறதா இதுவரை எந்த முடிவும் எடுக்கப்படலைம்மா" என்றேன். "சரி" என்று குனிந்து ஒரு வரி எழுதிக்கொண்டார். மேடையிலிருந்து பார்க்க என்ன எழுதினார் என்று தெரியவில்லை. நான் சொன்னதையா, அவர் கேட்டதையா? இத்தனை வருடம் கழித்தும் அது என்னைக் குடைகிறது.

பொய் சொல்லவில்லை. 17ஐ நிறுத்தச் சொல்லி எந்த உத்தரவும் அன்று இல்லை. அப்படி உத்தரவு போடும் அதிகாரமும் எங்களுக்குக் கிடையாது. நாங்கள் அறிக்கை எழுதிக் கொடுப்பவர்கள். ஆனால் பிஆர்டி தடத்தை, அதாவது பஸ்ஸுக்கென்றே ஒதுக்கிய தனிப் பாதையை, நீட்ட எத்தனை பஸ் வேண்டும் என்ற கணக்கில், 17ஆம் எண்ணின் வண்டிகளை அங்கே கழித்து, தடம்வரை ஆட்களைக் கொண்டுவிடும் ஃபீடர் பஸ்களாக இங்கே கூட்டியிருந்தோம். அந்த அட்டவணையைப் போட்டவனே நான்தான். அந்த வரிசையை நீக்கினால் செலவுக் கணக்கு உதைக்கும். முடிவு எடுக்கப்படவில்லை, உண்மை. கூட்டல் கழித்தல் மட்டும் முடிந்திருந்தது.

கூட்டத்துக்கு நான் தயாராகாமல் போகவில்லை. டெல்லியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்று தெரியும், கேட்டார்கள். 2008இல் திறந்து 2016இல் பெயர்த்துப் போட்ட தடம் அது. யார் பிஆர்டியை எதிர்த்தாலும் முதலில் எடுக்கும் ஆயுதம். கட்டியது அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் மட்டும்தான், திட்டமிட்ட தடத்தில் பாதிகூட இல்லை, அந்தத் துண்டை வைத்து எல்லாவற்றையும் எடை போடக் கூடாது என்று மடமடவென்று சொன்னேன். கார்க்காரர்கள் கத்தினார்கள். கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்றார்கள். அதற்கும் படம் வைத்திருந்தேன். சத்தம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம், அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த அம்மா எங்கள் பக்கத்து ஆள். தினமும் பஸ்ஸில் போகிறவர். அவருக்காகத்தானே இத்தனை வரைபடமும்? அவரிடமிருந்து கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் கேட்டது இதுதான். இப்போது தெருமுனையில் ஏறினால் 17 நேரே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது, உட்கார இடம் கிடைத்தால் இறங்கும் வரை எழ வேண்டியதில்லை. தடம் நீண்ட பிறகு?

பிறகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் ஃபீடர் பஸ். அதிலிருந்து இறங்கி, பாதிச் சாலையைக் கடந்து, நடுவில் இருக்கும் நிலையத்துக்கு ஏறி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். எங்கள் திரையில் '9 நிமிடம் மிச்சம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். அது முனையத்திலிருந்து முனையத்துக்கு, வண்டிக்குள் கழியும் நேரம் மட்டும். பயண மாதிரிகளில், காத்திருக்கும் ஒரு நிமிடத்தை உட்கார்ந்து போகும் இரண்டு நிமிடமாகக் கணக்கிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். வண்டி மாறினால் அதற்குத் தனியாக அபராத நிமிடங்களும் உண்டு. கணக்குக்குள் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தோம். திரையில் போடவில்லை. அந்த அம்மாவின் பயணத்துக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தால் 9 நிமிடம் கரைந்து, எதிர்ப்பக்கம் போய்விடும். அன்றிரவு போட்டுப் பார்த்தேன். போய்விட்டது.

வேறு வழி இல்லாமல் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 2010இல் திறந்த தடத்தில் சாதாரண பஸ்கள் தனிப் பாதைக்குள் நுழைந்து, கொஞ்ச தூரம் வேகமாக ஓடி, வெளியேறித் தம் வழியில் போய்விடுகின்றன. பயணி இறங்கி ஏற வேண்டியதில்லை. 17ஐயும் அப்படி உள்ளே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். விட முடியாது. எங்களுடையது அகமதாபாத்தின் ஜன்மார்க் பிஆர்டி போல நடுவில் நிலையம் வைத்த தடம், வலப்பக்கம் கதவு இருக்கும் பஸ்தான் அதில் ஓடும். 17க்குக் கதவு இடப்பக்கம். முதல் கட்டம் கட்டும்போதே, வேறு யாரோ, எங்கேயோ எடுத்த முடிவு. ஒரு கதவு எந்தப் பக்கம் என்பதில் ஓர் ஊரின் பாதி பஸ்களின் தலையெழுத்து இருக்கிறது என்று இந்த வேலைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. சரி, இதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட விஷயம்.

கொலம்பியாவின் போகோட்டாவில் ஃபீடர் பஸ்ஸுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, பிரதானத் தடத்தின் கட்டணத்திலேயே அடக்கம். எங்கள் அறிக்கையிலும் ஒரே டிக்கெட் என்று ஒரு பரிந்துரை இருந்தது. பரிந்துரைகளின் பட்டியலில் கடைசிக்கு முந்தையது. அது எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

"நல்லா சமாளிச்சே" என்றார் என் மேலதிகாரி, திரும்பி வரும்போது. பாராட்டாகத்தான் சொன்னார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

என் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நீட்டிப்பின் மறுகோடியில் இருக்கிறவர்களுக்கு நேர் பஸ்ஸே இல்லை, எங்கு போனாலும் இரண்டு பஸ் மாற வேண்டும். அவர்களுக்கு இந்தத் தடம் உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனால் கூட்டம் வேலைநாளில் காலை 11 மணிக்கு. அவர்களில் ஒருவரும் வரவில்லை, வர முடியாது. வராதவர்களுக்காகப் பேசும் ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 17 இல்லாமல் போகும் என்று அங்கே வாய் திறந்திருந்தால், அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த பஸ் பயணிகளும் கார்க்காரர்களோடு சேர்ந்திருப்பார்கள். அதன் பிறகு தடமாவது நீள்வதாவது.

ஊகமாகச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த வேலையில், வேறொரு நீட்டிப்பில், எந்தெந்த பஸ்கள் நிறுத்தப்படும் என்ற பட்டியலை முதல் படத்திலேயே போட்டேன். மனசு லேசாக இருந்தது, ஒரு கால் மணி நேரம். அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை. அந்தக் கோப்பு இன்னும் நகரவில்லை. நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னும் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். இதில் எதைச் சரி என்பது? முதல் கூட்டத்தில் உண்மையை மறைத்துத் தடம் வந்தது. இரண்டாவதில் சொல்லித் தடம் போனது. இப்படி நேர்க்கோட்டில் சொல்வதுகூட எனக்கு வசதியான கணக்குதான் என்று சில நாள் தோன்றும். பட்டியலோடு மாற்று வழிகளையும் கொண்டுபோயிருந்தால்? ஒரு மாலையில், வேலை முடிந்த நேரத்தில் கூப்பிட்டிருந்தால்? கூட்ட நேரத்தை வைப்பது என் கையில் இல்லை என்பேன். 17ஆம் எண் என் கையில் இல்லை என்று சொன்ன அதே வாயால்.

முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியதும் நான்தான். கணினியில் இன்னும் இருக்கிறது. 23 கேள்விகள். கார்க்காரர்களுடையதும் கடைக்காரர்களுடையதும் பத்தி பத்தியாக, பதில்களோடு. அந்த அம்மாவுடையது வரிசையில் 19:

"தடம் எண் 17 தொடர்பாக ஒருவர் ஐயம் எழுப்பினார். உரிய விளக்கம் அளிக்கப்பட்டது."